ஒன்பதாம் எண் தாள்

சோதனைக்கு என்ன சொல்லைத் தட்டுகிறீர்கள்?

கேள்வி அற்பமாகத் தோன்றலாம். புதிய விசைப்பலகையை இணைத்தவுடன், புதிய எழுத்துருவை நிறுவியவுடன், அச்சுப்பொறி ஒழுங்காக எடுக்கிறதா என்று பார்க்கும்போது, நம் விரல் தானாகவே எதையோ தட்டுகிறது. சிலர் தம் பெயரைத் தட்டுவார்கள். சிலர் 'அம்மா' என்று அடிப்பார்கள். ஆங்கிலம் என்றால் இடக்கை விரல்கள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அந்த நான்கு எழுத்து. யாரும் யோசிப்பதில்லை. என் கடையில், நான் அதை ஒப்படைத்துவிட்டு வீட்டோடு உட்காரும் நாள்வரை, சோதனைச் சொல் 'வடை'. வேறு மொழி வந்தால், அந்த மொழிக்காரரிடம் வடை மாதிரி ஒரு தின்பண்டத்தின் பெயரைக் கேட்டு அதைத்தான் அடிப்போம். கேட்பவர்கள் சிரிப்பார்கள். காரணம் கேட்டால், கூட வேலை பார்த்த கோமதி பேச்சை மாற்றிவிடுவாள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அந்தக் காரணம் உதவலாம். அதனால் எழுதுகிறேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்று கம்ப்யூட்டர் வைத்துக் கடை நடத்திக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பட்டுக்கடை விசிட்டிங் கார்டு எல்லாம் அடித்துக் கொடுப்போம். கெட்டுப்போன கம்ப்யூட்டர்களைப் பழுதும் பார்ப்போம். அதற்கு முன் பல ஆண்டுகள் ஒரு நாளிதழில் பக்கம் கட்டும் பிரிவில் இருந்தேன். அங்கிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பழக்கம் ஒன்று உண்டு. அச்சுப்பொறியிலிருந்து எந்தத் தாள் வெளியே வந்தாலும் வலது மேல் மூலையில் சிவப்புப் பேனாவால் எண் போட்டு வட்டமிடுவேன். வீணான தாளாக இருந்தாலும் சரி. பத்திரிகையில் எண் இல்லாத ஒரு தாள் தவறான பக்கத்தில் ஏறிவிட்டால் மறுநாள் காலை ஊரே படிக்கும். கடையில் அதற்கு அவசியமில்லை. ஆனாலும் கை கேட்காது.

கோமதி என்னிடம் தட்டச்சு செய்பவள். தட்டச்சில் ஹையர் பாஸ். விசையைப் பார்க்காமல் அடிப்பாள், ஆளைப் பார்த்துப் பேசுவாள்.

ஒரு திங்கட்கிழமை பகல், எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் உள்ளே வந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, தலையில் சிறிய துணிக்குல்லா. பெயர் நாதன் என்றார்.

"நாதனா? ஏகாம்பரநாதன், வரதநாதன் மாதிரியா சார்? நம்மூர்க்காரரா நீங்க?" என்றாள் கோமதி.

அவர் பம்பாயில் பிறந்த யூதர். இளவயதிலேயே இஸ்ரேலுக்குப் போய்க் குடியேறியவர். எங்களிடம் ஆங்கிலத்தில்தான் பேசினார். கோமதியும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இரண்டையும் நான் இங்கே தமிழில் தருகிறேன். மனைவி இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அவர் ஊர் வழிபாட்டு மண்டபத்தில், வேதச் சுருள்கள் வைத்திருக்கும் மாடத்தின் முன்னால் ஒரு திரை தொங்குமாம். மனைவி நினைவாக அதைக் காஞ்சிப் பட்டில் நெய்து தருவதாக மண்டபத்தாரிடம் ஒப்புக்கொண்டு வந்திருந்தார். ஒரு பட்டுக்கடையில் வேலையை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் திரையில் வரவேண்டிய எபிரேய எழுத்துகளைப் பெரிதாக, தெளிவாக அச்சடித்துக் கொண்டுவந்தால்தான் கட்டம் போட்டு நெய்ய முடியும் என்று சொல்லிவிட்டார்கள். மண்டபத்தாருக்கு எபிரேயத்திலேயே மின்னஞ்சல் எழுதி அவ்வப்போது ஒப்புதலும் வாங்க வேண்டியிருந்தது.

"இந்த ஊரில் எபிரேயம் அடிக்க முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்ற பதிலை ஏற்கெனவே மூன்று கடைகளில் வாங்கியவரின் குரல்.

எனக்கும் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன், ஆனால் பார்க்கலாம் என்றும் சொன்னேன்.

அன்று நான் கண்டதை முப்பது ஆண்டுத் தொழிலில் மறக்கவில்லை. எங்கள் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் யுனிகோடு தமிழ் தெரிவதற்காக, மாதங்களுக்கு முன்பு, மொழி அமைப்பில் ஒரு கட்டத்தில் டிக் போட்டிருந்தேன். சிக்கலான வரிவடிவங்களுக்கும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கும் சேர்த்து ஒரே கட்டம். தமிழுக்காக எந்தக் கதவைத் திறந்தேனோ, அதே கதவு வழியாக எபிரேயமும் உள்ளே வந்து, யாரும் கூப்பிடாமல், இத்தனை மாதம் அந்த இயந்திரத்துக்குள் உட்கார்ந்திருந்தது. பட்டியலில் இருந்து விசைப்பலகையைச் சேர்ப்பதுதான் பாக்கி. பத்து நிமிடம் ஆகவில்லை.

வலப்பக்கத்து கண்ட்ரோலையும் ஷிப்டையும் சேர்த்து அழுத்தினேன். திரையின் இடது ஓரத்தில் துடித்துக்கொண்டிருந்த கர்சர் ஒரே தாவலில் வலது ஓரத்துக்குப் போய் நின்றது. கோமதி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"இன்னா சார் இது, வாசல் மாறிப் போச்சு?"

விசைகளில் எபிரேய எழுத்து இல்லை. எது எங்கே என்று காட்ட ஏதாவது ஒட்ட வேண்டும். கோமதி எழுந்துபோய் எதிர்க் கடையிலிருந்து மஞ்சள் ஸ்டிக்கர் பொட்டு அட்டை இரண்டு வாங்கி வந்தாள். நாதன் மெல்லிய பேனாவால் ஒவ்வொரு பொட்டிலும் ஒரு எழுத்து எழுதினார். இருபத்தேழு பொட்டுகள்.

"இதை நெற்றியில் அல்லவா வைப்பார்கள்?" என்றார்.

"ஆயுத பூசைக்குக் கம்ப்யூட்டருக்கும் வைப்போம் சார். இது கொஞ்சம் முன்னாடியே வந்துடுச்சு, அவ்ளோதான்" என்றாள் கோமதி.

ஒட்டி முடித்ததும் அவர் மூன்று விசைகளை அழுத்தினார். வலமிருந்து இடமாக மூன்று எழுத்து வந்து நின்றது. கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ரேச்சல்" என்றார். "என் மனைவி."

வெளியே வாலாஜாபாத் பேருந்துக்கு நடத்துநர் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது ஒரு புகைப்படத்தை என்னிடம் கொடுத்தார். மண்டபத்தில் இப்போது தொங்கும் பழைய திரையின் படம். பொன்னூலில் ஒரு வரி தைக்கப்பட்டிருந்தது. "இந்த வரி புதிய திரையில் வராது. என் மனைவியின் பெயரும் ஆண்டும் மட்டும்தான். எழுத்தின் அழகு இப்படி இருக்க வேண்டும், அதற்காகத் தருகிறேன்" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லத் தேவையிருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எதையாவது கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

புதன்கிழமை மாலை உட்கார்ந்தேன். அந்த வரியின் நடுவில் ஒரு சொல் மற்றவற்றைவிடப் பெரிதாக இருந்தது. நான்கு எழுத்து. இரண்டாவதும் நான்காவதும் ஒன்றே. ஆகவே மூன்று பொட்டுகளைத் தேடினால் போதும். சோதனைக்கு இதைவிட வசதியான சொல் கிடைக்குமா? பார்த்து அடித்தேன். அதையே நகலெடுத்து வரிசையாக ஒட்டி, வரிசைகளால் பக்கத்தை நிரப்பினேன். எழுத்துருவை மாற்றினேன், அளவை மாற்றினேன், ஒவ்வொரு முறையும் அச்செடுத்தேன். மூலையில் எண் போட்டேன். பதினான்காவது தாள் படத்தோடு பொருந்தியது. மற்ற பதின்மூன்றும் கழிவுத் தாள் அட்டைப்பெட்டிக்குப் போயின. பதினான்காவதை மேசையில் வைத்தேன். மறுநாள் காலை அதன்மேல் என் தேநீர் டம்ளர் இருந்தது.

எங்கள் கழிவுத் தாள்களை வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை காலையில், எல்லம்மா வந்து எடுத்துப் போவாள். பேருந்து நிலையத்தில் தள்ளுவண்டியில் வடை போடுபவள். தாளுக்குப் பதிலாக கோமதிக்கு மூன்று வடை. அந்த வெள்ளிக்கிழமையும் வந்தாள், வடையை வைத்தாள், பெட்டியைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு போனாள்.

பகல் ஒன்றரை மணிக்கு நாதன் வந்தார். மின்னஞ்சல் அடிக்க நாற்காலியை இழுத்தவர் பாதியில் நின்றார். என் மேசையைப் பார்த்தார். இரண்டு கைகளாலும் டம்ளரைத் தூக்கி ஓரமாக வைத்தார். அடியில் இருந்த தாளை எடுத்தார். தேநீர் வட்டம் நான்காவது வரிசையின் மேல் பதிந்திருந்தது. தன் கைக்குட்டையால் அதை ஒற்றினார். துடைக்கவில்லை, ஒற்றினார்.

"இது என்ன என்று உங்களுக்குத் தெரியுமா?"

"சோதனை அச்சு, ஐயா."

"இது இறைவனின் பெயர். நாங்கள் இதை வாயால் சொல்வதில்லை. எழுதினால் அழிப்பதில்லை. எழுதிய தாள் கிழிந்துபோனால்கூட எறிவதில்லை, எரிப்பதில்லை. சேர்த்துவைத்து மண்ணில் புதைப்போம்." பிறகு மூலையைப் பார்த்தார். "பதினான்கு என்று போட்டிருக்கிறது. மற்ற பதின்மூன்று?"

இந்த இடத்தில் உங்களை நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் இப்படிக் கேட்கும்போது வாயில் முதலில் வருகிற பதில் எப்போதும் பொய்தான். 'உள்ளே பத்திரமாக இருக்கின்றன' என்று என் நாக்கு நுனிவரை வந்தது. நான் ஒழுக்கசீலன் என்பதால் அது நிற்கவில்லை. என்னை முந்திக்கொண்டு கோமதி சொல்லிவிட்டாள்.

"வடக்காரம்மா எடுத்துக்கினு போயிட்டாங்க சார். காலையிலயே."

வடை என்றால் என்னவென்று நான்தான் விளக்க வேண்டியிருந்தது. எண்ணெய்ப் பண்டம், அதைச் சுற்றிக் கொடுக்கும் தாள், தின்றவர்கள் கசக்கிக் கீழே போடுவது, அதன்மேல் பேருந்துக்கு ஓடும் கால்கள். செய்தி சொல்வதுபோல வரிசையாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எங்கள் பெரியவர்களில் சிலர், அறியாமல் இயந்திரத்தில் அச்சடித்தது கணக்கில் வராது என்றும் சொல்லக்கூடும். ஆனால் நான் பார்த்துவிட்டேனே. உங்கள் மேல் தவறில்லை. படத்தைக் கொண்டுவந்து வைத்தவன் நான். என் மனைவி பெயரை ஒரு திரையில் எழுதுவதற்காக இந்தப் பெயரை மிதிபட விட்டேன் என்றால், அந்தத் திரையை எப்படி நான் அங்கே கட்டுவேன்?" மணியைப் பார்த்தார். "சூரியன் மறைந்தால் எங்கள் ஓய்வு நாள் தொடங்கிவிடும். அதன்பின் தேடவும் மாட்டேன், சுமக்கவும் மாட்டேன். அதற்குள் கிடைக்கவில்லை என்றால் திரை வேண்டாம் என்று கடையில் சொல்லிவிடுவேன்."

வண்டியை எடுத்தேன்.

பேருந்து நிலையத்தில் எல்லம்மாவின் தள்ளுவண்டி இல்லை. அது நின்றிருந்த இடத்தைச் சுற்றி எண்ணெய்த் தாள்கள் கிடந்தன. குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். கணக்குத் தாள், சினிமா விளம்பரம், தேர்வு வினாத்தாள். பழக்கடைக்காரர் சத்தமாகக் கேட்டார்:

"இன்னா பேப்பர்கார சார், வடை தின்னவன் எவன்னு நியூஸ் போடப் போறியா?"

"எல்லம்மா எங்கேப்பா?"

"வெள்ளிக்கெழமையாச்சே. அம்மன் கோயிலாண்ட கூட்டம் இருக்கும்னு தள்ளிக்கினு போச்சு."

காமாட்சியம்மன் கோயில் சன்னதித் தெருவில், பூக்கடைகளுக்கு அப்பால், அவளைப் பிடித்தேன். சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. நாலைந்து பேர் நின்று தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் இருந்ததெல்லாம் நாளிதழ்த் துண்டு.

"எல்லம்மா, காலையில் எங்கள் கடையிலிருந்து எடுத்த தாளெல்லாம் எங்கே?"

"ஏன்பா, உயிலு கியிலு எழுதி வெச்சிருந்தியா அதுல?"

"கொம்பு கொம்பாக வேற எழுத்து இருக்கும். வரிசை வரிசையாக."

அவள் கரண்டியை வைத்தாள். "அதா? அதுல நான் கட்டல."

வண்டிக்கு அடியிலிருந்து மூடி போட்ட ஒரு பெரிய பிஸ்கட் டின்னை இழுத்தாள். திறந்தாள். பெருமாள் படம் போட்ட கல்யாணப் பத்திரிகைகள், உருதுக் காலண்டர் தாள், தெலுங்கு பஜனைப் புத்தகத்தின் ஓர் ஏடு, திருப்பருத்திக்குன்றத்து ஜைனர் வீட்டிலிருந்து வந்த நாகரி எழுத்துத் துண்டுப்பிரசுரம், சீனப் பட்டு நூல் பெட்டியில் ஒட்டியிருந்த லேபிள் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, மடிப்புக் கலையாமல், என் சிவப்பு வட்டங்கள்.

"இங்கிலீசு பேப்பர்ல கட்டுவேன். தமிழ்னா படம் இருக்குதான்னு பாத்துட்டுக் கட்டுவேன். தெரியாத எழுத்துன்னா எண்ணெய் படவுட மாட்டேன்பா. இது இன்னா ஊரு? எந்த எழுத்து எந்த சாமிதுன்னு யாரு கண்டா? எல்லாத்தையும் போட்டு வெச்சிக்கினு வருசத்துக்கு ஒரு தரம் பாலாத்து மணல்ல பொதைச்சிட்டு வந்துடுவேன்."

"இங்கிலீஷில் மட்டும் சாமி பேர் இருக்காதா?"

"அது ஆபீசு எழுத்து. சாமிக்கு ஆபீசுல இன்னா வேலை?"

நான் செய்தித்தாளில் இருந்தபோது எத்தனையோ மகான்களின் சொற்பொழிவைச் சுருக்கி எழுதியிருக்கிறேன். சுருக்க முடியாத ஒன்றை நடுத்தெருவில் கேட்டது அன்று ஒருநாள்தான். மூன்று மணி நேரத்துக்கு முன் ஒரு மனிதர் என்னிடம் சொன்ன விதியை, அந்த மனிதரையோ அவர் மொழியையோ கேள்விப்பட்டிராத ஒரு பெண், பிஸ்கட் டின்னில் நடத்திக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. எழுத்துத் தொழில் பார்ப்பவன் நான்.

தாள்களை எண்ணினேன். பன்னிரண்டு. இன்னொரு முறை எண்களைப் பார்த்தேன். எட்டுக்கு அடுத்து பத்து.

"ஒன்று குறையுதே."

அவள் முகம் சுருங்கியது. "அது மேல இருந்ததுபா. வெள்ளப் பக்கம் தெரிய இருந்துச்சு. அதுல கட்டிக் குடுத்தப்புறம்தான் அடியில இருக்கறதப் பாத்தேன். காலையில பஸ் ஸ்டாண்டாண்ட. வாலாஜாபாத் பஸ் ஏறுன ஆளு. அடிக்கடி வாங்கறவருதான், பேரு தெரியாது."

இறைவன் பெயர் என்று சொன்னேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நான் விசாரிக்கறேன். ஒவ்வொருத்தனையும் கேக்கறேன்" என்றாள்.

கடைக்குத் திரும்பும்போது மணி ஐந்தரை. நாதன் தன் லாட்ஜுக்குப் போயிருந்தார். இரண்டு தெரு தள்ளித்தான். கோமதி மட்டும் இருந்தாள். பன்னிரண்டு தாளையும் பார்த்தாள், நான் சொன்னதைக் கேட்டாள்.

"ஃபைலு இருக்குது சார்."

"இருந்தால்?"

"ஒம்பதாவது எந்த எழுத்துருன்னு உங்களுக்குத் தெரியும். ஒரு பிரிண்ட் போட்டு, கொஞ்சம் எண்ணெய் தடவி, ஒம்பதுன்னு எழுதுங்க. முடிஞ்சி போச்சு. பெரியவரு நிம்மதியா படுப்பாரு. பொண்டாட்டி பேரும் திரையில வரும். இதுல யாருக்கு இன்னா கெட்டுப் போவுது?"

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அந்த யோசனைக்கு அவ்வளவு பலம் இருந்தது. கோப்பைத் திறந்தேன். ஒன்பதாவதற்கு வைத்த எழுத்துருவையும் அளவையும் கொடுத்தேன். பக்கம் திரையில் வந்து நின்றது. புதன்கிழமை இவை எனக்கு வெறும் வடிவங்கள். இப்போது அவற்றின் முன்னால், ஏனென்று தெரியாமல், திறந்திருந்த சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். அச்சுப்பொறி தயார் விளக்கு பச்சையாக எரிந்தது. சிவப்புப் பேனா கையில் இருந்தது.

எண் போடும் பழக்கம் எனக்கு எதற்காக வந்தது என்று யோசித்தேன். இந்தத் தாள்தான் அந்தத் தாள் என்று யாரும் என் வட்டத்தை நம்பலாம் என்பதற்காக. அந்த ஒன்றைத் தவிர என் தொழிலில் சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை. பேனாவை மூடினேன். கோப்பை மூடலாமா என்றுகூட அப்போது எனக்குத் தெரியவில்லை, மூடினால் அழித்ததாகுமா? திரையை அப்படியே விட்டுவிட்டு நடந்தேன்.

லாட்ஜ் அறையில் இரண்டு மெழுகுவத்திகள் ஏற்றத் தயாராக இருந்தன. பன்னிரண்டு தாளையும் கொடுத்தேன். எல்லம்மாவின் டின்னைப் பற்றிச் சொன்னேன். பிறகு சொன்னேன்: "ஒன்பதாவது கிடைக்கவில்லை. வடை சுற்றி, வாலாஜாபாத் பேருந்தில் போய்விட்டது."

அவர் தாள்களை வெள்ளைத் துணியில் எண் வரிசைப்படி அடுக்கி மூடினார். டின்னில் போட்டுப் புதைக்கிற பெண்ணைப் பற்றி மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். கேட்டுக்கொண்டார். பட்டுத் திரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"கம்ப்யூட்டரில் அது இன்னும் தெரிகிறது, ஐயா. மூடலாமா?"

"திரையில் தெரிவது ஒளி. அது எழுத்து இல்லை. மூடலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கடைக்கு வந்தார். துணிப்பொதியும் கையில் இருந்தது. ஊருக்கு எடுத்துப்போய் அங்கேயே புதைக்கப் போவதாகச் சொன்னார். பொட்டு ஒட்டிய விசைப்பலகையின் முன் உட்கார்ந்து மண்டபத்தாருக்குக் கடிதம் அடிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். எனக்கு ஒரு சொல்லும் படிக்கத் தெரியாது. ஆனால் என்ன எழுதுகிறார் என்று தெரிந்தது: திரை வராது என்று. மூன்றெழுத்துப் பெயர் இரண்டு இடத்தில் வந்தது.

ஒன்பதரை மணி இருக்கும். வாசலில் எல்லம்மாவின் குரல்.

"வந்துட்டேன்பா. ஓடிடப் போறாருன்னு சட்டையப் பிடிச்சிக்கினே வந்தேன்."

அவள் பிடியில் ஐம்பது வயது ஆள் ஒருவர் சிரித்துக்கொண்டு நின்றார். பெயர் ஏகாம்பரம். வாலாஜாபாத் பக்கத்து நெசவாளி. பட்டுக்கடைக்குச் சேலை கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் இவளிடம் வடை வாங்குபவர்.

"இந்தம்மாவாண்ட நானாத்தான் வந்து கேட்டேன் சார், இது மாதிரி இன்னொரு பேப்பர் இருக்குதான்னு. அதுக்குள்ள திருடனப் புடிச்ச மாதிரி இழுத்துக்கினு வந்துடுச்சு." சட்டைப் பையிலிருந்து, நூல் சுற்றி வரும் மெல்லிய தாளில் பொதிந்த ஒன்றை எடுத்துப் பிரித்தார். ஒரு மூலையில் எண்ணெய். எதிர் மூலையில் சிவப்பு வட்டத்துக்குள் ஒன்பது. "பார்டருக்கு நல்லா இருக்கும்னு எடுத்து வெச்சேன். ஒரே உருவு திரும்பத் திரும்ப வருதே. எண்ணெய் பட்ட எடம் மட்டும் செரியா தெரியல. புதுசா ஒண்ணு குடுத்தா கட்டம் போட்டுக்குவேன்."

நாதன் எழுந்து நின்றுவிட்டார். "அவருக்கு இதில் என்ன தெரிந்தது என்று கேளுங்கள்" என்றார் என்னிடம்.

கேட்டேன். ஏகாம்பரம் நகத்தால் தொடாமல், காற்றில், வலப்பக்கத்திலிருந்து காட்டினார்.

"இங்க சின்னதா ஒரு சுடரு. அப்புறம் ஒரு வாசல். அப்புறம் தூணு. அப்புறம் மறுபடியும் வாசல். கோயில் மாதிரி இல்ல?"

"ஏன் வலப்பக்கத்திலிருந்து?"

"தறியில நாடா ரெண்டு பக்கமும்தான் போவுது சார். எங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். நாதன் அந்தத் தாளைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து பார்த்துவந்த எழுத்துகளை முதல்முறை பார்ப்பவர் போலப் பார்த்தார். அது என்ன என்று ஏகாம்பரத்திடம் நான் சொன்னதும், அவர் நின்ற இடத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஓரடி பின்னால் போனார்.

"ஐயோ, கீழ் பார்டர்ல போட இருந்தேனே. பொம்பளைங்க கால்ல படுமே அது."

நாதன் தாளை இரண்டு கைகளாலும் வாங்கினார். துணிப்பொதியை மேசையில் வைத்து அவிழ்த்தார். ஒன்று, இரண்டு என்று புரட்டிக்கொண்டே போனார். எட்டாவதைத் தூக்கினார். அதன் கீழே பத்து. நடுவில் இடம் காலியாக இருந்தது. ஒன்பதை அங்கே வைத்தார்.

கோமதி என்னைப் பார்க்கவில்லை. அவள் பார்வை அந்த அடுக்கிலேயே இருந்தது. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு ஒன்பது, என் கையெழுத்தில், படுத்திருந்தால்? நானும் அதைத்தான் நினைத்தேன். இருவரும் அதைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நாதன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். அடித்த கடிதத்தை அழிக்கத் தொடங்கினார். எழுத்துகள் ஒவ்வொன்றாக மறைய, கர்சர் வரி வரியாக மேலே ஏறி, கடைசியில் வலது ஓரத்தில் வந்து நின்று துடித்தது. வெறும் வெள்ளைப் பக்கம். பட்டுத் திரையின் வேலை தொடரட்டும் என்றார். பொதியை ஊருக்கு எடுத்துப்போகவில்லை. எல்லம்மாவின் டின்னோடு சேர்த்துப் பாலாற்றில் புதைக்கலாம், அது சரியான இடம் என்றார்.

எல்லோருக்கும் தேநீர் வந்தது. என் டம்ளரை சன்னல் கட்டையில் வைத்துக்கொண்டேன். கோமதிதான் கேட்டாள்.

"இனிமே டெஸ்ட் பண்ண ஒரு சொல்லு குடுங்க சார். வடைக்கு உங்க பாஷையில இன்னா?"

வடை அங்கே இல்லை, ஆனால் கொண்டைக்கடலையை அரைத்து உருட்டி எண்ணெயில் பொரிக்கும் பண்டம் ஒன்று உண்டு என்று சொன்னார் நாதன். பெயர் ஃபலாஃபெல். அடித்தார். கோமதி அச்செடுத்தாள். நான் மூலையில் பதினைந்து என்று எழுதி வட்டமிட்டேன். தாளை எல்லம்மாவிடம் நீட்டினார் நாதன். இதில் தாராளமாக வடை கட்டலாம், இது வெறும் வடையின் பெயர்தான் என்று என்னைச் சொல்லச் சொன்னார்.

எல்லம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீ சொல்றது செரிதான்" என்றாள். "இருந்தாலும் வேணாம்பா." நாலாக மடித்து, டின்னில் போடுவதற்காக இடுப்பில் செருகிக்கொண்டாள்.